காய்ந்த ஓடைக்குள் ஒரு கிரைண்டர்

வாசகர் ஒருவர் நீளமாக மின்னஞ்சல் எழுதியிருக்கிறார். பணி ஓய்வு பெற்று அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போனவரை, மாப்பிள்ளை யூட்டா மாநிலத்துக்குக் கூட்டிப் போய், பாலைவனத்தில் இரண்டு பாறை இடுக்குகள் வழியாகச் சுற்றி வர வைத்திருக்கிறார். முதல் இடுக்கின் பெயர் பீக்-அ-பூ. அதில் ஏறி வெளியே வந்து, மணலில் கொஞ்ச தூரம் நடந்து, இரண்டாவதில் இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வரவேண்டும். இரண்டாவதின் பெயர் ஸ்பூக்கி. பீக்-அ-பூவைச் சமாளித்துவிட்டார். ஸ்பூக்கியில் தொப்பை மாட்டிக்கொண்டது. பேரன் கையைப் பிடித்து இழுக்க, மாப்பிள்ளை சங்கடத்தோடு பின்னாலிருந்து தள்ளியதாக அவரே எழுதியிருக்கிறார்.

அந்த நிலையிலும் அவருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கிறது பாருங்கள். “காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணில் படவில்லை. மழையே பெய்யாத ஊர் என்கிறார்கள். ஆனால் தண்ணீர்தான் இதை அறுத்தது என்கிறார்கள். சரி, அறுத்ததுதான் அறுத்தது, கொஞ்சம் அகலமாக அறுத்திருக்கக் கூடாதா?”

அவர் மாட்டிக்கொண்ட ஸ்பூக்கியில் மிக ஒடுக்கமான இடம் ஏறக்குறைய ஒரு அடிதான், அதற்கும் குறையும். பல வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபரில் நானும் அதே சுற்றில் போயிருக்கிறேன். எஸ்கலாண்டே என்ற சிற்றூருக்கு அருகே 12-ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, மண்சாலையில் 42 கிலோமீட்டர் உடம்பு குலுங்கப் போகவேண்டும். அப்புறம் காய்ந்த மணலோடைக்கு இறக்கம். பீக்-அ-பூவின் வாய் தரையில் இல்லை. சுவரில் ஓர் ஆளையும் தாண்டிய உயரத்தில் தொங்குகிறது, பாறையில் கொத்திய கால்பிடிகளில் தொற்றித்தான் ஏறவேண்டும். உள்ளே போனதும் சுவர்கள் துணி மடிப்பு மாதிரி நெளிகின்றன. ஸ்பூக்கியில் முதுகுப் பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகரவேண்டும். இப்படிப்பட்ட இடத்தை ஸ்லாட் கேன்யன் என்கிறார்கள். நாம் சந்துப் பள்ளத்தாக்கு என்று வைத்துக்கொள்வோம்.

அங்கே நான் செய்த உருப்படியான ஆராய்ச்சி ஒன்றுதான்: சுவரைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். விரலில் மணல் ஒட்டியது. இளஞ்சிவப்பு மணிகள், கிட்டத்தட்ட ஒரே அளவு. 19 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தில், அங்கே சஹாரா போன்ற ஒரு மணல்கடல் இருந்தது. காற்று குவித்த மணல்மேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்தன. மணிகளுக்கு இடையே நிலத்தடி நீர் சுண்ணத்தையும் இரும்பையும் படியவைத்து ஒட்டியது. அதுதான் நவஹோ மணற்கல். சில இடங்களில் 600 மீட்டருக்கு மேல் கனம்.

மணற்கல் என்பது எள்ளுருண்டைதான். எள் தனித்தனி, பிடித்து வைத்திருப்பது பாகு. எள்ளுருண்டையை உடைக்க ஒவ்வொரு எள்ளையும் உடைக்க வேண்டியதில்லை, பாகு விட்டுக்கொடுத்தால் போதும். பள்ளியில் படித்த மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் மணல்மணியான குவார்ட்ஸுக்கு 7, அதை ஒட்டும் சுண்ணக் கனிமமான கால்சைட்டுக்கு 3. சுவரிலிருந்து ஒரு மணி உதிர்ந்தால் அது வெறும் கழிவு இல்லை. தன்னைவிட மிருதுவான பாகைத் தாக்கப்போகும் உளி அது.

இனி தண்ணீர். “எறும்பு ஊரக் கல்லும் தேயும்” என்று சொல்லித்தான் பாறை அரிப்பை நமக்கு விளக்குவார்கள். இந்தச் சந்துகளுக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. இங்கே எறும்பு ஊர்வதில்லை, எப்போதாவது யானைக் கூட்டம் ஓடுகிறது. எஸ்கலாண்டேயில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 25-30 சென்டிமீட்டர். சென்னையில் சுமார் 140. ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை (அங்கேயும் அதை மான்சூன் என்றே சொல்கிறார்கள்) பிற்பகல் இடிமேகம் ஒரே இடத்தில் நின்று கொட்டிவிட்டுப் போகும். கீழே இருப்பதோ மொட்டைப் பாறை. உறிஞ்ச மண் கிடையாது, தடுக்கப் புல் கிடையாது.

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். 20 சதுர கிலோமீட்டர் பாறைவெளி, அதில் 2 சென்டிமீட்டர் மழை, பாதி வழிந்தோடுகிறது. 20 கோடி லிட்டர். நம் ஊர்த் தண்ணீர் லாரியில் பதினாறாயிரம் லோடுக்கு மேல். அது அரைமணி நேரத்தில் வடிந்தால் விநாடிக்கு 110 கனமீட்டர் ஓட்டம். 2 மீட்டர் அகலச் சந்தில், விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இது போகவேண்டுமானால் நீர்மட்டம் 11 மீட்டர் உயரவேண்டும். மூன்று மாடி. அதே நீர் 100 மீட்டர் அகல வெளியில் பரவியிருந்தால் இடுப்புக்குக்கூட வராது. அடித்தரையை நீர் இழுக்கும் விசை ஆழத்தோடு கூடுகிறது. எனவே ஒடுங்கிய இடம்தான் வேகமாகக் கீழே அறுபடும். அறுபட்ட இடத்துக்கே அடுத்த வெள்ளமும் வந்து சேரும்.

சந்துக்குள் நிற்பவருக்கு இந்த மழை தெரியவே தெரியாது என்பதுதான் பயங்கரம். 1997 ஆகஸ்ட் 12-ஆம் தேதி, அரிசோனாவில் உள்ள ஆன்டிலோப் கேன்யனில் பதினொரு பேர் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பல கிலோமீட்டருக்கு அப்பால் பெய்தது. குற்றாலத்தில் குளித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்: கீழே வெயில் அடிக்கும், மேலே மலையில் கொட்டும், அருவியின் நிறம் மாறுவதைப் பார்த்தவுடன் ஓடிவிடவேண்டும். அருவியில் விலகி ஓட இடம் உண்டு. ஸ்பூக்கியில் திரும்பிப் பார்க்கவே இடம் இல்லை.

ஒரு பள்ளத்தாக்கின் அகலத்தை ஓடை மட்டும் முடிவு செய்வதில்லை. ஓடை ரம்பம் மாதிரி நேர்கீழாக அறுத்துக்கொண்டே போகும். மழை மிகுந்த ஊரில் அதே சமயம் இரு கரைகளும் மக்கும், வேர்கள் பிளக்கும், மண் சரியும். அதனால் வி வடிவம் வருகிறது. யூட்டாவில் கரையைச் சரிக்க ஆளில்லை. பாறையிலும் உடைந்து விழுவதற்கு வசதியான மெல்லிய அடுக்குகள் குறைவு. ரம்பம் போன தடம் அப்படியே நிற்கிறது. ஆக, மழை இல்லாத ஊராக இருப்பதால்தான் உங்கள் தொப்பை மாட்டியது, ஐயா.

ஆனால் சந்து நேராக அறுபட்ட தடமாக இல்லையே, ஓரிடத்தில் வயிறு பெருத்தும் ஓரிடத்தில் இடுப்பு சிறுத்தும் இருக்கிறதே என்றால், அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது.

குரோவ் கார்ல் கில்பர்ட் என்ற நிலவியலாளர் 1870-களில் யூட்டாவின் ஹென்றி மலைகளில் சுற்றினார். எஸ்கலாண்டேயிலிருந்து பார்த்தால் வடகிழக்கே தெரியும் மலைகள்தான். 1877-இல் வெளியான அறிக்கையில் ஆற்று மணலைப் பற்றி ஒரு நுட்பமான கருத்தை எழுதினார். மணல்தான் ஆற்றின் கருவி, மணல் இல்லாத நீரால் பாறையை அவ்வளவாக அறுக்க முடியாது. ஆனால் மணல் மிதமிஞ்சினால் அது அடியில் படிந்து பாறைக்குப் போர்வை ஆகிவிடும். அப்போதும் அறுபடாது.

இதைச் சோதித்துப் பார்க்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் லெனார்ட் ஸ்க்லாரும் வில்லியம் டீட்ரிச்சும் ஒரு சாதனம் செய்தார்கள். உருளைப் பாத்திரம், அதன் அடியில் வட்டமாக வெட்டிய ஒரு கல், மேலே தண்ணீரைச் சுழற்ற ஒரு விசிறி, உள்ளே கொஞ்சம் கூழாங்கல். நம் வீட்டுப் பெண்கள் பார்த்தால் “இது வெட் கிரைண்டர்தானே” என்பார்கள். நியாயம்தான். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கூழாங்கல்லைக் கூட்டிப் போட்டுச் சுழற்றி, அடிக்கல் எத்தனை கிராம் எடை இழந்தது என்று நிறுத்துப் பார்த்தார்கள். 2001-இல் முடிவு வெளியானது. கூழாங்கல் கூடக் கூடத் தேய்மானமும் கூடியது. ஓர் அளவுக்கு மேல் போனதும் குறைய ஆரம்பித்தது. இன்னும் போட்டால் கிட்டத்தட்ட நின்றே போனது. கில்பர்ட் சொன்னது அப்படியே.

மாவு அரைப்பவர்களுக்கு இது அதிசயமில்லை. அரிசி கொஞ்சமாகப் போட்டால் குழவி சும்மா சுற்றும். ஒரேயடியாகக் கொட்டினால் சிக்கி நின்றுவிடும். பதமாகத் தள்ளிவிட்டால்தான் அரைபடும். அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: கல்லின் இழுவலிமை (இழுத்துப் பிரிக்கும் விசையைத் தாங்கும் திறன்) இரண்டு மடங்கானால் தேய்மானம் நான்கில் ஒரு பங்காகிறது. விரலால் தேய்த்தாலே உதிரும் மணற்கல் எவ்வளவு வேகமாகத் தேயும் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது இந்தக் கிரைண்டரைச் சந்துக்குள் கொண்டுபோவோம். ஒரு வெள்ளம் வருகிறது. அளவாக மணல் இருந்தால் அடித்தரை அறுபடும், சந்து ஆழமாகும். இன்னொரு வெள்ளம் மணலை மலைபோல் தள்ளிக்கொண்டு வந்து தரையை மூடிவிடுகிறது. தரைக்குப் போர்வை. ஆனால் சுவருக்குப் போர்வை இல்லையே? நீர் வளைவில் திரும்பும்போதும் சுழியில் சுற்றும்போதும் மணல் வெளிப்பக்கமாக வீசப்பட்டு, அந்த மட்டத்தில் சுவரைக் குடைகிறது. அங்கே வயிறு பெருக்கிறது. பிறகு ஒரு பெருவெள்ளம் போர்வையை உருவிக்கொண்டு போகும், மறுபடி தரை அறுபடும், அந்த மட்டத்தில் இடுப்பு. பள்ளத்தில் சிக்கிய கற்கள் சுழன்று சுழன்று ஆட்டுக்கல் குழி மாதிரி உருண்டையாகக் குடைந்த இடங்களும் உண்டு. இரண்டு குழிகளுக்கு நடுச்சுவர் தேய்ந்து மேலே மட்டும் மிஞ்சினால் பாலம். பீக்-அ-பூ வாயிலில் ஏறியதும் அடுத்தடுத்து இரண்டு பாலங்களின் கீழே குனிந்து போனீர்களே, அவை.

பாத்திரம், விசிறி, கூழாங்கல், தராசு. இதைவிட அழகான சோதனையை நான் அதிகம் படித்ததில்லை. நம் ஊரில் ஓர் ஆய்வு மாணவர் இதற்கு நிதி கேட்டு விண்ணப்பித்தால், “சமூகப் பயன்” என்ற கட்டத்தில் என்ன எழுதுவார் என்று யோசிக்கிறேன். அணைகளில் வண்டல் என்று ஏதாவது பொய்யும் மெய்யுமாக எழுதவேண்டியிருக்கும். ஆறு எப்படிப் பாறையை அறுக்கிறது என்று தெரிந்துகொள்வதே ஒரு பயன் என்று எழுதினால் கோப்பு எந்த அலமாரிக்குப் போகும் என்பது நமக்குத் தெரியும்.

வாசகர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார். ஸ்பூக்கியின் சுவரில் பரு மாதிரி புடைத்திருந்த உருண்டைகள் சட்டையைக் கிழித்தனவாம். திரும்பும் வழியில் ஒரு கடையில் அதே மாதிரி உருண்டைகளை “சக்தி தரும் கற்கள்” என்று விற்றார்களாம், வாங்கியிருக்கலாமா என்கிறார். வேண்டாம். சுவரில் இருப்பவை இரும்புக் கணுக்கள். மணிகளின் மேல் பூச்சாக இருந்த இரும்பை நிலத்தடி நீர் கரைத்துக்கொண்டு போய், ஆக்சிஜன் கிடைத்த இடத்தில் உருண்டையாகச் சேர்த்த மிச்சம். அதற்கு மூட்டுவலி தெரியாது. ஸ்பூக்கி இருப்பது பாதுகாக்கப்பட்ட பகுதி, அங்கிருந்து எடுத்து வருவதும் குற்றம். ஆனால் இந்தக் கணுக்களுக்கு உண்மையிலேயே ஒரு பெருமை உண்டு. 2004-இல் நாசாவின் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி செவ்வாய்த் தரையில் ஹெமடைட் என்ற இரும்புக் கனிம உருண்டைகளைப் பார்த்தபோது, யூட்டாவின் இந்த உருண்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர்களிடம் ஒப்பிட்டுக் காட்ட மாதிரி தயாராக இருந்தது. செவ்வாயின் பாறைக்குள் ஒருகாலத்தில் நீர் ஊறியிருக்கவேண்டும் என்ற வாதத்துக்கு அது வலுச் சேர்த்தது.

கொஞ்சம் அகலமாக அறுத்திருக்கக் கூடாதா என்ற கேள்வி பாக்கி. நான் போனபோது ஓரிடத்தில் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில், இரு சுவர்களுக்கும் குறுக்கே ஒரு மரத்துண்டு செருகிக் கிடந்தது. பட்டை உரிந்து, நுனிகள் மழுங்கி, யாரோ பரண் கட்ட வைத்தது போல. வைத்தது வெள்ளம். அந்த மட்டம் வரை ஒரு நாள் நீர் நின்றிருக்கிறது. அதற்கு அடுத்த வெள்ளம் என் காலடி மணலை வாரிக்கொண்டு போயிருக்கலாம், இன்னும் ஒரு மீட்டர் கொட்டியும் போயிருக்கலாம். இந்தச் சந்துகளில் தரை நிலையாக நிற்பதில்லை, போன வருடம் கையால் எட்டிய பிடி இந்த வருடம் முழங்காலில் இருக்கும். ஆகவே அடுத்த முறை மகள் வீட்டுக்குப் போகும்போது மாப்பிள்ளையோடு தாராளமாகக் கிளம்புங்கள். சுவர் அதே சுவர்தான். ஆனால் மணல் இரண்டடி ஏறியிருந்தால், போன தடவை தொப்பையைப் பிடித்துக்கொண்ட இடுப்பு இப்போது உங்கள் முழங்கால் பக்கம் இருக்கும்.