ஏற்காட்டில் அடைக்கும் காதும் பெங்களூரில் அடைத்த காதும்

சேலத்தில் வளர்ந்தவர்களுக்குக் காது அடைப்பது புதிய அனுபவம் அன்று. ஏற்காடு செல்லும் பேருந்து அடிவாரத்தைத் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்தாறைக் கடப்பதற்குள் காதுக்குள் பஞ்சைத் திணித்தது போல ஆகிவிடும். எச்சிலை விழுங்கினாலோ, வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டாலோ, 'டப்' என்ற சின்ன ஓசையுடன் அது திறந்துகொள்ளும். ஆனால் 2007 மார்ச் 18 அதிகாலையில், பெங்களூரிலிருந்து ஊர் திரும்பிய பேருந்தில், எத்தனை முறை விழுங்கியும் கொட்டாவி விட்டும் என் காதுகள் திறக்கவில்லை. முந்தைய இரவு, அங்குள்ள அரண்மனை மைதானத்தில், அயர்ன் மெய்டன் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழு இந்தியாவில் முதன்முறையாக வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன். நடத்துநர் குனிந்து ஏதோ சொன்னார். எனக்கு அது "இல்லறம் வேணும்" என்று கேட்டது. மூன்றாவது முறை அவர் ஒரு நாணயத்தை எடுத்துக் காட்டிய பிறகுதான், அவருக்கு வேண்டியது சில்லறை என்று விளங்கியது.

இரண்டும் காது அடைப்புதான்; உணர்வும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அவை காதுக்குள் நிகழும் இடங்கள் வேறு, காரணங்களும் வேறு.

ஏற்காட்டு அடைப்பை முதலில் முடித்துவிடலாம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டியிருக்கிறது. அந்த ஒரு மணி நேர ஏற்றத்தில் காற்றழுத்தம் சுமார் எட்டில் ஒரு பங்கு குறைகிறது. செவிப்பறைக்கு வெளியே அழுத்தம் குறைந்துவிட, உள்ளே நடுச்செவியில் அடைபட்டிருக்கும் சேலத்துக் காற்று பறையை வெளிப்பக்கமாகப் புடைக்கச் செய்கிறது. இழுத்துக் கட்டிய பறை சரியாக அதிராது என்பதால் ஓசைகள் மங்குகின்றன. நடுச்செவியையும் தொண்டையின் மேற்பகுதியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய், நாம் விழுங்கும்போது கணநேரம் திறந்து அழுத்தத்தைச் சமன் செய்துவிடுகிறது. குழாய் திறந்தால் சரியாகிவிடும் தொல்லை என்பதால் கவலைப்பட ஒன்றுமில்லை.

அன்று பேருந்தில் என் யூஸ்டேஷியன் குழாய் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. செவிப்பறையிலும் பழுதில்லை. சேதம் இன்னும் ஆழத்தில், உட்செவியில் நிகழ்ந்திருந்தது.

அதற்கு முன், இவ்வளவு சத்தத்தைத் தேடி ஒருவர் ஏன் 200 கிலோமீட்டர் போகிறார் என்ற நியாயமான கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்தக் குழுவை அதுவரை ஏறத்தாழ 15 ஆண்டுகளாகக் கேசட்டில்தான் கேட்டு வந்தேன். அதுவும் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, டேப்ரெக்கார்டரின் ஒலியளவை அடிமட்டத்தில் வைத்து. மனிதக் காதுக்கு ஒரு விசித்திரமான பாரபட்சம் உண்டு. ஒலியின் அளவைக் குறைக்கும்போது எல்லாச் சுருதிகளும் ஒரே விகிதத்தில் குறைந்ததாக அது உணர்வதில்லை. கீழ்ச்சுருதிகள்தாம் முதலில் மறைகின்றன. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து வரைபடமாக்கினார்கள். சுருதியை, நொடிக்கு எத்தனை அதிர்வு என்று ஹெர்ட்ஸில் சொல்வார்கள்; ஒலியின் உரப்பை டெசிபலில் அளப்பார்கள். மெல்லிய அளவில் ஒலிக்கும் 1,000 ஹெர்ட்ஸ் சுருதிக்கு இணையாக 50 ஹெர்ட்ஸ் சுருதியும் கேட்க வேண்டுமானால், அதை 30 டெசிபலுக்கும் மேல் உயர்த்த வேண்டியிருக்கும். ஒலி பெருகப் பெருக இந்த இடைவெளி சுருங்கும். பழைய டேப்ரெக்கார்டர்கள் சிலவற்றில் 'லவுட்னஸ்' என்றொரு பொத்தான் இருந்ததே, அது இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

அயர்ன் மெய்டனை 1975-இல் லண்டனில் தொடங்கிய ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பது பேஸ் கிட்டார். அதன் தடித்த கம்பியை மீட்டினால் எழும் அடிப்படைச் சுருதி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். அதாவது, குழுவை நிறுவியவர் வாசித்த பகுதியின் அடித்தளத்தை 15 ஆண்டுகளாக நான் கேட்கவே இல்லை. விரல்கள் கம்பியில் படும் டகடக ஓசையைத்தான் கேட்டிருக்கிறேன். மைதானத்தில் அந்தச் சுருதி காதுக்கு வருமுன்பே விலா எலும்புகளிலும் கால் செருப்பிலும் அதிர்ந்தது. உட்செவியில், உடலின் சமநிலையை உணர்வதற்கென்றே அமைந்த சாக்குல் என்ற சிறு பை, ஏறத்தாழ 90 டெசிபலைத் தாண்டிய கீழ்ச்சுருதி ஒலிகளுக்கும் எதிர்வினை காட்டுகிறது என்று நீல் டாட், ஃபிரடெரிக் கோடி ஆகியோர் 2000-இல் காட்டினார்கள். ஊஞ்சலில் ஆடும் சுகத்துக்கும் உரத்த தாளத்தில் ஆடும் சுகத்துக்கும் ஒரே உறுப்பு காரணமாகலாம் என்பது அவர்களுடைய ஊகம். மாரியம்மன் பண்டிகையில் பம்பைக்கு அருகில் நின்றவர்களுக்கு இந்த ஊகத்தை விளக்க வேண்டியதில்லை.

இனி ஆழத்துக்குப் போகலாம். செவிப்பறையின் அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே, நத்தை ஓடு போலச் சுருண்ட, நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர் மட்டுமே வரும் காக்ளியா இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 3,500 உள்மயிர்ச் செல்களும் 12,000 வெளிமயிர்ச் செல்களும் வரிசை கட்டி நிற்கின்றன. உள்மயிர்ச் செல்கள்தாம் மூளைக்குச் செய்தி அனுப்புபவை. வெளிமயிர்ச் செல்கள் ஒலிக்கேற்ப நீண்டு சுருங்கி, மெல்லிய ஒலிகளைப் பெருக்கித் தருகின்றன. காது தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபையர் என்று அவற்றைச் சொன்னால் தவறில்லை. ஒவ்வொரு செல்லின் தலையிலும் உள்ள நுண்மயிர்களின் நுனிகள் ஒன்றோடொன்று மெல்லிய இழைகளால் கட்டப்பட்டுள்ளன. மயிர்கள் சாயும்போது இழை இறுகி ஒரு நுண்கதவை இழுத்துத் திறக்க, அயனிகள் உள்ளே பாய்கின்றன. நாம் கேட்கும் ஒலியெல்லாம் அந்தக் கதவு வழியாக வந்ததுதான்.

இரண்டு மணி நேரம் பேரொலியில் நின்றவருக்கு இங்கே பல விதமான பாதிப்புகள் ஒன்றாக நேர்கின்றன. நுனி இழைகளில் சில அறுந்துபோகின்றன. வெளிமயிர்ச் செல்கள் சோர்ந்து பெருக்கும் வேலையை நிறுத்துகின்றன. உள்மயிர்ச் செல்கள் நரம்புக்குச் செய்தி சொல்லப் பயன்படுத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மிஞ்சிக் கொட்டப்பட, அதைப் பெறும் நரம்பு முனைகள் வீங்கிப்போகின்றன. கேட்கும் திறன் இப்படித் தற்காலிகமாகக் குறைவதைத்தான் நாம் அடைப்பு என்று உணர்கிறோம். கொட்டாவியால் சரிசெய்ய அங்கே குழாய் ஏதுமில்லை. இழைகள் மீண்டும் முளைத்து, வீக்கம் வடிய, பெரும்பாலும் ஓரிரு நாட்கள் ஆகும்.

காதுக்குத் தற்காப்பே இல்லையா என்றால், உண்டு. பேரொலி கேட்டதும் அங்கவடி எலும்பைப் பிடித்து இழுத்து அதன் அசைவைக் குறைக்கும் ஒரு நுண்தசை இருக்கிறது. உடலின் மிகச் சிறிய எலும்புத்தசை அதுவே. ஆனால் அது இறுகுவதற்குள் டிரம்மின் முதல் அடி உள்ளே போய்விட்டிருக்கும். மேலும் அது கீழ்ச்சுருதிகளைத்தான் தடுக்கிறது. நீண்ட சத்தத்தில் களைத்தும் போகிறது.

நடத்துநரின் சில்லறை இல்லறமான கதை இந்தத் தசையின் போதாமையோடு தொடர்புடையது. இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள செவிக்குழல், புல்லாங்குழலைப் போலத் தனக்கென்று ஓர் ஒத்ததிர்வுச் சுருதியைக் கொண்டிருக்கிறது; அது 3,000 ஹெர்ட்ஸ் அருகே அமைவதால், அந்த வட்டாரத்து ஒலிகள் கூடுதல் வலுவுடன் உள்ளே சென்று, 4,000 ஹெர்ட்ஸ் சுற்றிய பகுதியில் மயிர்ச் செல்களை அதிகம் வருத்துகின்றன. தமிழில் சொல்முதல் சகரத்தின் உரசல் ஒலி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் வலுவாக இருக்கிறது. உயிரொலிகள் கீழே இருப்பதால் தப்பித்துவிடும். அதனால்தான் காது மங்கியவர்கள், பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறீர்கள் என்பதுதான் புரியவில்லை என்கிறார்கள்.

அடைப்போடு 'ஙொய்' என்ற இரைச்சலும் வந்ததே, அதற்கு வெளியே ஒலி மூலம் ஏதும் கிடையாது. மைக்கில் சத்தம் வரவில்லை என்றால் ரேடியோ செட்காரர் ஒலியளவுக் குமிழைத் திருகிக்கொண்டே போவார்; பேச்சு வராது, ஸ்பீக்கரின் இரைச்சல்தான் பெருகும். காக்ளியாவிலிருந்து வரும் செய்தி குறைந்ததும் மூளை அதையே செய்கிறது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

எனக்கு மூன்றாம் நாள் எல்லாம் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். 2009-இல் குஜாவா, லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், எலிகளை 100 டெசிபல் ஒலியில் இரண்டு மணி நேரம் வைத்திருந்து பின்னர் சோதித்தார்கள். எலிகளின் கேட்கும் திறன் முழுமையாகத் திரும்பியது. மயிர்ச் செல்களும் அழியவில்லை. ஆனால் மேல்சுருதிப் பகுதியில், செல்லையும் நரம்பையும் இணைக்கும் சந்திகளில் ஏறத்தாழப் பாதி அழிந்துபோயிருந்தன. மனிதரில் இதை நேரடியாக அளப்பது கடினம். ஆயினும் அமைதியான அறையில் நடக்கும் செவிச் சோதனையில் தேறிவிட்டு, கல்யாண மண்டபத்து இரைச்சலில் பக்கத்திலிருப்பவர் பேச்சைப் பிரித்தறியத் திணறுபவர்களுக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் வலுப்பெற்றிருக்கிறது. மயிர்ச் செல்லே செத்துவிட்டால் மனிதருக்கு அது மீண்டும் முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கிறது, 1988-இல் அது உறுதியானது. அந்த வகையில் ராக் பாடகர்களைவிடக் கோழிகள் கொடுத்துவைத்தவை.

இதை வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. 1976-இல் தி ஹூ என்ற ராக் குழுவின் லண்டன் நிகழ்ச்சியில் 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபல் பதிவாகி கின்னஸ் சாதனையானது. செவிக்கேட்டை ஊக்குவிப்பதாகிவிடும் என்று கின்னஸ் பின்னர் அந்தப் பிரிவையே கைவிட்டது. அக்குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் தம் செவிக்கேட்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசி வருகிறார். ஏசி/டிசி என்ற ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன், எஞ்சிய செவித்திறனும் போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் 2016-இல் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது.

டெசிபல் கணக்கில் 3 கூடினால் ஒலியாற்றல் இரட்டிப்பாகும். காது ஒரு நாளில் 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம் என்று வைத்தால், 88-ஐ 4 மணி நேரம்தான் தாங்கலாம். 100 டெசிபலுக்கு வரும்போது 15 நிமிடமே மிஞ்சுகிறது. 100 டெசிபலில் இரண்டு மணி நேரம் நின்றவர், எட்டு நாள் படியை ஒரே இரவில் வாங்கிக்கொள்கிறார். இந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் எனக்கு இளம்பிள்ளைப் பக்கத்து விசைத்தறிக் கூடங்கள் நினைவுக்கு வருகின்றன. விசைத்தறிக் கூடத்தின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். அங்கே ஆண்டு முழுவதும் நின்று, உதட்டசைவையும் சைகையையும் வைத்தே பேசிப் பழகி, வீட்டுக்கு வந்தும் உரக்கப் பேசுபவர்களின் செவிக்கேட்டைப் பற்றி எந்தப் பத்திரிகையும் பேட்டி எடுப்பதில்லை.

2009 பிப்ரவரியில் அதே குழு மீண்டும் பெங்களூருக்கு வந்தபோது, மருந்துக்கடையில் வாங்கிய நுரைக் காதடைப்பான்களோடு போனேன். வெறும் பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது. இந்த நுரையை உருட்டி, மறு கையால் காதின் மேல்நுனியைப் பின்னால் இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, அது விரியும்வரை விரலால் அழுத்தியிருக்க வேண்டும். இது மேல்சுருதிகளைக் கூடுதலாக வெட்டுவதால் சிம்பல்களின் பளபளப்பு போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம்தான். எல்லாச் சுருதிகளையும் சமமாகக் குறைக்கும், இசைக்கலைஞர்களுக்கான அடைப்பான்கள் உண்டு, விலைதான் கூடுதல். ஹாரிஸின் கீழ்ச்சுருதிக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. அது இந்த முறையும் விலா எலும்பு வழியாகவே வந்து சேர்ந்தது.

திரும்பும் பேருந்தில் அடைப்பான்களைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஓசூர் தாண்டியதும் நடத்துநர் வந்தார். சில்லறை வேண்டும் என்று அவர் கேட்டது, அந்தச் சகரம் உட்பட, தெளிவாகக் கேட்டது. என்னிடம்தான் சில்லறை இல்லை.