காய்ச்சலில் மனமும் ஏன் படுத்துக்கொள்கிறது?

"காய்ச்சலடித்தால் யாரோடும் பேசவே பிடிப்பதில்லை, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் அது கிருமியின் வேலையல்ல. கிருமியோடு மோதும் நம் உடலின் வேலை. நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் சைட்டோகைன்கள் ரத்தத்தின் வழியாகவும் வயிற்றையும் மார்பையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாகவும் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. பசி போகிறது, பிடித்ததும் பிடிக்காமல் போகிறது. கிருமி ஒழிந்ததும் இது அடங்க வேண்டும். சிலருக்கு அழற்சி, அதாவது நோயெதிர்ப்பின் இந்தக் கொதிப்பு, மாதக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கிறது. மனச்சோர்வுக்கும் அது ஒரு வழியாகலாம்.

மனநிலையோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருளான செரட்டோனின் தயாராக, உணவிலிருந்து கிடைக்கும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் தேவை என்று படித்திருப்போம். உண்மையில் அதன் பெரும்பங்கு செரட்டோனினாக மாறுவதே இல்லை. கைனுரெனின் என்ற வேறொரு பொருளாக மாறும் பாதையில் போய்விடுகிறது. அழற்சி வந்தால் ஐடிஓ என்ற நொதி கூடி அந்த மடையை இன்னும் அகலத் திறக்கிறது. கைனுரெனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையக்கூடியது. அங்கே அது மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவிடம் போனால் குவினோலினிக் அமிலமாகி, நரம்பணுக்கள் சேதி வாங்கும் என்எம்டிஏ ஏற்பிகளை மட்டுமீறித் தூண்டும். நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களிடம் போனாலோ கைனுரெனிக் அமிலமாகி அதே ஏற்பிகளைத் தடுக்கும். ஒரே மூலப்பொருளிலிருந்து நேரெதிரான இரண்டு விளைவுகள்! இன்னும் அழகானது தசையின் பங்கு. உடற்பயிற்சியால் பழகிய தசை, கைனுரெனினைத் தன்னிடமே கைனுரெனிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் எது போகலாம் என்று வடிகட்டும் ரத்த-மூளைத் தடுப்பை அந்த அமிலத்தால் எளிதில் தாண்ட முடியாது. அதனால் மூளையை எட்டும் கைனுரெனின் குறைகிறது. சுண்டெலிகளில் இது 2014இல் காட்டப்பட்டது.

அப்படியானால் மனச்சோர்வு உள்ள எல்லாருக்கும் அழற்சியைக் குறைக்கும் மருந்து கொடுக்கலாமா? கூடாது. 2013இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சைக்கு மசியாத மனச்சோர்வுள்ள 60 பேரில் பாதிப் பேருக்கு அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்து, மற்றவர்களுக்குப் போலி மருந்து. மொத்தத்தில் வித்தியாசமே இல்லை. ஆனால் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதமான சி.ஆர்.பி.யின் அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் மருந்து பலன் காட்டியது. குறைந்தவர்களிடம் போலி மருந்தே மேலாக இருந்தது. அளவிட்டுப் பிரிக்காமல் எல்லாரையும் ஒரே குழுவில் போட்டு, "மருந்து தோற்றது" என்று கோப்பை மூடும் ஆய்வுகளுக்குப் பணம் கொடுப்பது வீண் என்பது என் உறுதியான கருத்து.

சி.ஆர்.பி. பரிசோதனையிலும் சறுக்கல் உண்டு. 3க்கு மேல் என்றால் லேசான அழற்சி. 10ஐத் தாண்டினால் முதலில் தொற்றைத் தேட வேண்டும், அது குணமாகி இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். ஈறு வீக்கம், உடல் பருமன், புகைப்பழக்கம், கருத்தடை மாத்திரை எல்லாமே அளவை ஏற்றும். தாமாகவே ஸ்டீராய்டு வாங்கிப் போடுவது மிக ஆபத்து: அழற்சியை அடக்கும் அதே மருந்து, சிலருக்கு மனச்சோர்வையும் பித்துநிலையையும் கிளப்பிவிடும்.