டரான்டுலா ஏன் பட்டினி கிடக்கிறது?

சிலர் கூண்டில் வைத்து வளர்க்கும் பெரிய, மயிரடர்ந்த சிலந்தி டரான்டுலா. கரப்பான்பூச்சி ஒன்றைத் தின்று முடித்தால், அது கடைசியில் ஒரு சின்னக் கருப்பு உருண்டையைக் கீழே போட்டுவிட்டு நகர்ந்துவிடும். பல நேரம் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே போட்டுவைக்கும். அந்த உருண்டையை ஓர் ஊசியால் பிரித்துப் பாருங்கள். இறக்கைத் துணுக்கு, காலின் முள், உடைந்த ஓடு எல்லாம் கசங்கிக் கிடக்கும். சதை மட்டும் இருக்காது. கரும்பை மென்று சக்கையைத் துப்புவதுபோல, சாற்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பியிருக்கிறது.

திட உணவை விழுங்க டரான்டுலாவால் முடியாது. அதன் வாய் மிகக் குறுகல். சுற்றிலும் அடர்ந்திருக்கும் மயிர்கள் வடிகட்டியாக நின்று துகள்களைத் தடுத்துவிடும். அதனால் செரிமானத்தின் பெரும்பகுதி வாய்க்கு வெளியிலேயே நடக்கிறது. நஞ்சு இரையை அடக்குகிறது. பிறகு குடலிலிருந்து செரிமான நீரைக் கக்கி இரையின் மேல் விடுகிறது சிலந்தி. நச்சுப்பற்களைத் தாங்கும் தடித்த அடிப்பகுதிகள் இரையைப் பிசைந்துகொண்டே இருக்க, சதை கரைந்து கூழாகிறது. தலையும் மார்பும் ஒன்றாக இணைந்த முன்னுடலான தலைமார்புக்குள் இருக்கும் உறிஞ்சு இரைப்பை ஒரு பம்புபோல விரிந்து சுருங்கி அந்தக் கூழை உள்ளே இழுக்கிறது. பெரிய இரை என்றால் இது பல மணி நேர வேலை.

எட்டுக் கண்கள் இருந்தும் டரான்டுலாவுக்குப் பார்வை மிக மங்கல். கால் மயிர்களில் படும் காற்றசைவும் தரையில் வரும் அதிர்வும்தான் இரை இருக்கும் திசையைச் சொல்கின்றன. வீட்டு மூலையில் வலை பின்னும் சிலந்தியின் பற்கள் இடுக்கிபோல இரு பக்கமிருந்தும் வந்து கவ்வும். டரான்டுலாவின் பற்களோ ஒன்றுக்கொன்று இணையாக, மண்வெட்டி இறங்குவதுபோல மேலிருந்து கீழே பாயும். தென் அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் வாழும் தெரபோசா பிளாண்டி, சிலந்திகளிலேயே எடை மிகுந்தது. காலை விரித்தால் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் வரும். எடை 170 கிராம்வரை போகும். அதன் நச்சுப்பல் மட்டுமே 2 சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். இதற்குப் ‘பறவை தின்னி’ என்ற பெயரும் உண்டு. சூரினாமில் பூச்சிகளை நேரில் பார்த்து வரைந்த மரியா சிபில்லா மேரியன், 1705-இல் வெளியிட்ட ஓவியம் ஒன்றில் ஒரு பெரிய சிலந்தி ஹம்மிங்பேர்ட் என்னும் சின்னஞ்சிறு பறவையைப் பிடித்துத் தின்கிறது. அந்தப் படத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் இது. பறவை கிடைப்பது அரிது. அன்றாட இரை மண்புழுவும் பூச்சியும், எப்போதாவது ஒரு தவளையும்தான்.

வளர்ப்பவர்களைக் கவலைப்பட வைப்பது, அது சாப்பிடாத நாட்கள். வாரம் தவறாமல் சுவர்க்கோழியைப் பாய்ந்து பிடித்த சிலந்தி திடீரென்று நிறுத்திவிடும். வளர்ந்த பெண் சிலந்தி மாதக்கணக்கில் எதையும் தொடாமல் இருப்பதுகூட உண்டு. அதன் உடல் எரிசக்தியை மிகச் சிக்கனமாகச் செலவழிப்பது. வயிறும் பலூன்போல விரிந்து சேமித்துவைக்கும். ஆனால் வயிறு புடைத்து, தோல் மினுங்கி, இரையைக் கண்டால் பின்வாங்கும் சிலந்தி வெறுமனே பசியில்லாமல் இருக்கவில்லை. சட்டை உரிக்கத் தயாராகிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த பல இனங்கள் இதை வெளிப்படையாகவே காட்டிக்கொடுக்கும். மிரண்டால் பின்னங்காலால் வயிற்றின் அரிப்பு மயிரை உதறி எதிரியின் மேல் வீசும் பழக்கம் அவற்றுக்கு. (கண்ணில் பட்டால் வெகுநாள் பாடுபடுத்தும், முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள்.) உதறி உதறி வழுக்கை விழுந்த இடம் வெளிர் நிறமாகத் தெரியும். அந்த வழுக்கை கறுக்கத் தொடங்கினால், அடியில் புதுத் தோலில் புது மயிர்கள் முளைத்து நிற்கின்றன என்று பொருள்.

தோலுரிப்பைத் தூண்டும் எக்டைசோன் குடும்பத்து ஹார்மோன்கள் சுரந்ததும் பழைய தோல் உடலைவிட்டு விலகுகிறது. அடியில் மெல்லிய புதுத் தோல் மடிப்பு மடிப்பாக உருவாகிறது. இரண்டுக்கும் நடுவே ஊறும் திரவம் பழைய தோலின் உட்புறத்தைக் கரைக்க, கரைந்ததை உடல் உறிஞ்சிக்கொள்கிறது. இரையைக் கரைத்துக் குடிக்கும் அதே வித்தையை இங்கே தன் சட்டையிடமே காட்டுகிறது. எனக்கு இந்தச் சிலந்தியிடம் மிகவும் பிடித்த செய்தி இதுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பட்டினி. உள்ளே தன் பழைய சட்டையையே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த நாட்களில் வேறு எதையும் சாப்பிட வழியும் இல்லை. நச்சுப்பல், வாய், தொண்டை, உறிஞ்சு இரைப்பையின் உள்ளுறை எல்லாம் இந்தச் சட்டையின் பகுதிகள்தாம். எல்லாமே ஒரே நேரத்தில் மாற்றப்படுகின்றன.

நாள் வந்ததும் பட்டுநூலால் தரையில் ஒரு விரிப்பு நெய்து, அதன்மேல் மல்லாந்து படுத்துக்கொள்கிறது. புதிதாக வளர்ப்பவர்கள் செத்துவிட்டது என்று பதறிப்போய்ப் புரட்டிப்போடுவது இந்த நேரத்தில்தான். புரட்டக் கூடாது. மல்லாந்து கிடக்கும் டரான்டுலா பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். அதன் முழங்கால் மூட்டை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை கிடையாது. உடல்திரவத்தின் அழுத்தம்தான் காலை நீட்டுகிறது. சாகும் சிலந்தியில் அழுத்தம் குறைவதால் நிமிர்ந்த நிலையிலேயே கால்கள் உடலுக்கடியில் சுருண்டுகொள்ளும். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

சட்டையைக் கிழிப்பதும் அந்த அழுத்தமே. இதயத்துடிப்பு கூடுகிறது, வயிறு சுருங்கித் திரவத்தைத் தலைமார்புக்குத் தள்ளுகிறது. தாங்க முடியாமல் தலைமார்பின் மேலோடு விளிம்பில் பிளந்து, டப்பா மூடிபோலத் திறந்துகொள்கிறது. பிறகு வயிற்றின் பக்கங்கள் பிரிகின்றன. அடுத்ததுதான் ஆபத்தான கட்டம். எட்டுக் கால்களையும் முன்னிரு உணர்கைகளையும், விரலைக் கையுறையிலிருந்து உருவுவதுபோல, விட்டுவிட்டு இழுத்து வெளியே எடுக்கிறது. குட்டிகளுக்குச் சிறிது நேரத்தில் முடிந்துவிடும்; பெரியவற்றுக்குப் பல மணி நேரம் ஆகும். திரவ அழுத்தத்தை நம்பி நடக்கும் வேலை என்பதால் உடலில் நீர் குறைந்த சிலந்தி பாதியில் சிக்கிக்கொள்ளும். சாப்பிடாத நாட்களிலும் கிண்ணத்தில் தண்ணீர் வற்றக் கூடாது என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

உரித்த சட்டையை ஈரம் காய்வதற்குள் விரித்துப் பாருங்கள். பற்கள் இருக்கும். கண்களின் வில்லைகள் கண்ணாடித் துளிகள்போல இருக்கும். வயிற்றுப் பகுதியின் உட்புறம் நான்கு வெள்ளைத் திட்டுகள் தெரியும். சிலந்தி மூச்சுவிடும் உறுப்பு, புத்தகத் தாள்கள்போல அடுக்கடுக்காக இருக்கும் புத்தக நுரையீரல்; அதன் ஏடுகளைப் போர்த்தியிருந்த உறை அது. மேல் இணை நுரையீரல்களுக்கு நடுவே சிறு மடல்போல ஒன்று துருத்தியிருந்தால் அது ஆணின் விந்தைச் சேமித்துவைக்கும் பை, சிலந்தி பெண். உயிருள்ள குட்டியைத் தொடாமலே பாலறிய இதைவிட நம்பகமான வழி இல்லை.

உரித்த கையோடு அழுத்தத்தால் உடலை உப்பவைத்துப் பெரிதாகிவிடுகிறது. கால்களும் மேலோடும் வளர்வது இந்தச் சில மணி நேரத்தில் மட்டும்தான். தோல் இறுகிவிட்டால் அடுத்த முறைவரை அளவு மாறாது. இழந்த காலும் இப்போதுதான் திரும்ப முளைக்கும். முதலில் மெலிந்ததாக இருந்து, அடுத்தடுத்த உரிப்புகளில் மற்றவற்றை எட்டிப்பிடிக்கும். ஆண் சிலந்தி வயதுக்கு வந்தபின் வழக்கமாக மறுபடி உரிப்பதில்லை. சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ வாழ்ந்து மடிந்துவிடும். பெண் உரித்துக்கொண்டே 20 ஆண்டுகளைத் தாண்டி வாழும் இனங்கள் உண்டு.

புதுப் பற்கள் முதலில் பால் வெள்ளை. பிறகு சிவப்பு, அதன்பின் கறுப்பு. வெள்ளைப் பல்லோடு இருக்கும் சிலந்தியின் கூண்டில் உயிருள்ள சுவர்க்கோழியை விட்டால் வேட்டை தலைகீழாகும். பூச்சி அதன் மென்தோலைக் கடித்துக் குதறிவிடும். முன்பு போட்டுத் தின்னாமல் விட்ட பூச்சி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்றும் பார்த்து எடுத்துவிடுங்கள். குட்டிக்கு ஒரு வாரம், பெரியதற்கு இரண்டு மூன்று வாரம் பொறுத்து, பற்கள் நுனிமுதல் அடிவரை கறுத்தபின் சிறிய இரை ஒன்றைப் போடலாம். தண்ணீரை மட்டும் முதல் நாளே வைத்துவிட வேண்டும்.