அட்வகசி: பரிந்துரையா, உரிமைக்குரலா?

பொது மருத்துவத்துக்கான நிதியை உயர்த்த வேண்டும், நோயாளிகள் பெறும் சேவை மேம்பட வேண்டும் என்று மக்கள் அமைப்புகள் நடத்தும் முயற்சிகளைப் பற்றிய அறிக்கைகளில் ‘ஹெல்த் அட்வகசி’ என்ற தொடர் அடிக்கடி இடம்பெறுகிறது. தமிழில் அதை ஒருவர் ‘பரிந்துரை’ என்றும், மற்றொருவர் ‘பரப்புரை’ என்றும், வேறொருவர் ‘வாதிடல்’ என்றும் எழுதுகின்றனர். மூன்றும் ஒன்றுக்கொன்று விலகிய பொருளுடையவை என்பதால், எதை எங்கே ஆள்வது என்று பார்ப்பது பயனுடையது.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘வொக்காரே’ என்றால் அழைத்தல். ‘அட்வொகாத்துஸ்’ என்றால் துணைக்கு அழைக்கப்பட்டவர். பழைய ரோமில் வழக்கில் சிக்கிய ஒருவர் செல்வாக்குள்ள நண்பரை மன்றத்துக்கு அழைத்துக்கொள்வார். அந்த நண்பர் வாய் திறந்து வாதாட வேண்டிய கட்டாயம் இல்லை, உடன் நின்று அறிவுரை கூறினாலே போதும். வாதாடுபவரையே அச்சொல் குறிக்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான். பின்னர் அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றது.

தமிழில் இதற்கு இணையான பாதையில் வந்த சொல் ‘வக்கீல்’. அரபு மூலத்தில் அது பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவரைக் குறிக்கும். அதோடு சேர்ந்து வந்த ‘வக்காலத்து’ நீதிமன்றத்தில் மதிப்புள்ள ஆவணம். ஆனால் வெளியே ‘அவனுக்கு ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?’ என்று கேட்கும்போது, பிறருக்காகப் பேசுவதே தேவையற்ற வேலை என்ற ஏளனம் அதில் ஏறிவிடுகிறது. ஆகவே அட்வகசிக்கு அது உதவாது.

‘பரிந்துரை’ நல்ல சொல்தான். பரிதல் என்பதற்கு அன்பு கொள்ளுதல், இரங்குதல் என்னும் பொருள்கள் உண்டு. ‘தாயினும் சாலப் பரிந்து’ என்ற திருவாசகத் தொடரில் அந்த அன்பு முழுமையாக வெளிப்படுகிறது. ஆனால், பாரசீகத்திலிருந்து வந்த ‘சிபாரிசு’ என்ற சொல்லை விலக்குவதற்காகப் ‘பரிந்துரை’யைப் பரவலாக்கியபோது, சிபாரிசின் வாடையும் அதனுடன் சேர்ந்தே வந்துவிட்டது. தெரிந்த அதிகாரியின் கடிதத்தைக் காட்டி உறவினருக்கு மருத்துவமனையில் ஒரு படுக்கை பெறுவது சிபாரிசு. வரிசையில் நிற்கும் அனைவருக்கும் படுக்கை கிடைக்கும் அளவுக்கு நிதி ஒதுக்கச் சொல்வது அட்வகசி. இருக்கும் பற்றாக்குறையில் ஒருவரை முன்னே தள்ளுவது முன்னது. பற்றாக்குறையையே கேள்விக்கு உட்படுத்துவது பின்னது. ஒன்றுக்கொன்று எதிரான இவ்விரு செயல்களுக்கும் ஒரே பெயர் சூட்டுவது, எனது கணிப்பில், இச்சொல்லைப் பொறுத்தவரை நாம் செய்யும் பெரும் பிழை.

நலவாழ்வுத் துறையில் இச்சொல்லை நிலைப்படுத்தியதில் கனடாவின் ஓட்டாவாவில் நடந்த நலவாழ்வு மேம்பாட்டு உலக மாநாடு 1986இல் வெளியிட்ட ஓட்டாவா சாசனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. குரல் எழுப்புதல், மக்களை இயலச் செய்தல், இடைநின்று இணக்குதல் என்ற மூன்றையும் நலவாழ்வை வளர்க்கும் அடிப்படை வழிகளாக அது வகுத்தது. 2001இல் நைஜீரியாவின் தலைநகரான அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள், தத்தம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் குறைந்தது 15 சதவீதத்தை நலவாழ்வுக்கு ஒதுக்க இலக்கு வைத்தபோது, இயக்கங்களுக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. ‘கூடுதல் நிதி தாருங்கள்’ என்பதற்குப் பதிலாக ‘ஒப்புக்கொண்ட பங்கு எங்கே?’ என்று கேட்க முடிந்தது. தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. சிகிச்சைக்காகப் போராட 1998இல் தோன்றிய இயக்கமான ‘ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெயின்’ வீதியிலும் நீதிமன்றத்திலும் ஒருசேரப் போராடியது. அது தொடுத்த வழக்கில், எச்.ஐ.வி. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதைத் தடுக்கும் நெவிரபின் மருந்தைப் பொது மருத்துவமனைகளில் வழங்குவதற்கு இருந்த கட்டுப்பாடுகளை நீக்குமாறு 2002இல் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஆணையிட்டது.

‘பரப்புரை’ இதில் ஒரு பகுதியை மட்டுமே குறிக்கும். பரப்புரை மக்களை நோக்கியது. அட்வகசி முடிவெடுப்பவரை நோக்கியது, அதற்குச் சுவரொட்டியைவிடக் கணக்கேடே பெரிதும் கைகொடுக்கும். ஒரு மருத்துவமனைக்கு, சிறுநீரகம் செயலிழந்தோரின் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் கருவி வேண்டும் என்று கேட்டால், கருவி நன்கொடையாகக் கூட வந்துவிடும். ஆனால் வழக்கமான நான்கு மணி நேரச் சுத்திகரிப்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 120 லிட்டர் தூய நீர் தேவை. பெரும்பாலான நோயாளிகள் வாரம் மூன்று முறை வர வேண்டும். வடிகட்டி, குழாய்கள், பயிற்சி பெற்ற பணியாளர், பழுதுபார்ப்பு ஆகிய அனைத்தும் ஆண்டுதோறும் தொடரும் செலவுகள். இச்செலவுகளுக்கு நிதித் துறையின் கணக்கில் தனித் தலைப்பு உண்டா என்று கேட்பவரே அட்வகசி செய்பவர். அது இல்லையெனில் திறப்பு விழாவுக்குப் பின் கருவி உறையிட்டுக் கிடக்கும்.

இனி நிகரான சொல். ‘பரிந்துபேசல்’ சிபாரிசின் சாயலிலிருந்து ஓரளவு தப்பினாலும், அதில் இரக்கம் மேலோங்கி நிற்கிறது. சேவையை உரிமையாகக் கேட்கும் நோயாளர் அமைப்புகள் இரக்கத்தைக் கோருவதில்லை. 1983இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடிய எய்ட்ஸ் நோயாளிகள், தங்களைப் ‘பலியானோர்’ என்று அழைப்பதையே கண்டித்து அறிக்கை வெளியிட்டனர். எனவே நிதிக்கும் கொள்கைக்குமான பொது முயற்சிகளுக்கு ‘உரிமைக்குரல்’ பொருந்தும். குரல் என்பது இலத்தீன் வேரோடும் ஒத்துப்போகிறது. ‘நோயாளர் உரிமைக்குரல் எழுப்பினர்’, ‘நிதி உயர்வுக்கான உரிமைக்குரல் இயக்கம்’ என்று வாக்கியத்தில் தடையின்றி அமையும்.

மருத்துவமனைக்குள் தனி நோயாளியின் பக்கம் நின்று, மருத்துவர் சொன்னதை விளக்கி, ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டி, புகாரை உரிய இடத்தில் சேர்க்கும் ‘பேஷன்ட் அட்வகேட்’ என்பவருக்கு இச்சொல் சற்று உரத்து ஒலிக்கும். அவரை ‘நோயாளர் துணைவர்’ என்று எழுதலாம். ‘துணைவர்’ வாழ்க்கைத் துணையோடு குழம்பும் என்று தோன்றினால் ‘நோயாளர் துணைநிலையர்’ என்பதையும் முயன்று பார்க்கலாம்.