சுவர் வழியாக வரும் ‘ம்ம்ம்’

எங்கள் வீட்டுக்குக் கீழே ஓர் இனிப்புக் கடை. அதன் கோல்டு ரூமுக்கான கம்ப்ரசர் யூனிட்டை எங்கள் படுக்கையறைச் சுவரின் வெளிப்புறத்தில் ஆங்கிள் அடித்து மாட்டியிருந்தார்கள். பகலில் ஒன்றும் தெரியாது. தெரு அடங்கியதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம், தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல. புகார் சொன்னோம். கடைக்காரர் யூனிட்டைச் சுற்றித் தகரத் தடுப்பு வைத்தார். விசிறிச் சத்தம் குறைந்தது. ரீங்காரம் துளியும் குறையவில்லை.

செல்போன் செயலியில் பார்த்தால் 42 டெசிபல். செயலிகளை முழுதாக நம்ப முடியாதுதான். ஆனால் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபலை அனுமதிக்கின்றன. கணக்குப்படி எங்களுக்குக் குறையே இருக்கக் கூடாது!

சிக்கல் அளக்கும் முறையில் இருக்கிறது. சுருதி தாழ்ந்த ஒலிகளை நம் காது மந்தமாகவே கேட்கும் என்பதால், விதிகள் சொல்லும் அளவீட்டு முறை அவற்றைக் குறைத்தே கணக்கிடுகிறது. 100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியில், இந்தக் கழிவு 19 டெசிபல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுழற்சியிலும் மோட்டாரின் காந்த இழுப்பு இரண்டு முறை உச்சம் தொடுவதால் இரைவது 100 ஹெர்ட்ஸில். மற்ற சத்தமெல்லாம் ஓய்ந்த அறையில், இப்படி ஒரே சுருதியில் இழுப்பதைக் காது விடாமல் பிடித்துக்கொள்ளும்.

அந்த ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், அதாவது பதினோரு அடி. எங்கள் அறையின் நீளமும் ஏறக்குறைய அதுவே. அலை சுவர்களுக்கிடையே மோதித் திரும்பும்போது சுவரோரம் சத்தம் உச்சமாகவும், அங்கிருந்து கால் அலைநீளம் தள்ளி மிகக் குறைவாகவும் இருக்கும். கட்டிலின் தலைமாடு சுவரை ஒட்டி இருந்தது. ஏறக்குறைய மூன்றடி நகர்த்தியதும் பாதி நிம்மதி.

சரி, தகரம் ஏன் தோற்றது? ஒரு காரணம், இவ்வளவு நீளமான அலை நாலடித் தடுப்பைச் சுற்றி வளைந்து வந்துவிடும். முக்கியக் காரணம் வேறு: சத்தத்தின் பெரும்பகுதி காற்று வழியே வரவில்லை. சரிபார்க்க வந்த மெக்கானிக் மீட்டர் எதையும் எடுக்கவில்லை. உள்சுவரில் உள்ளங்கையை வைத்தார், “அதிருது சார்” என்றார். யூனிட் சுவரை ஆட்ட, சுவர் ஒலிபெருக்கியாகி அறைக்குள் பாடிக்கொண்டிருந்தது. சுவரில் தெர்மாகோல் ஒட்டச் சொன்ன நண்பர்களும் உண்டு. எடையே இல்லாத பொருள் இந்த ஒலியை எங்கே தடுக்கப்போகிறது?

யூனிட்டைக் கழற்றி, பின்பக்கத் தரையில் தனிக் காங்கிரீட் மேடை போட்டு, ஸ்பிரிங் மேல் உட்கார வைத்தார்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ரப்பரோ ஸ்பிரிங்கோ, எடை ஏறியதும் எவ்வளவு அமுங்குகிறது என்பதே கணக்கு. 25 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங்கின் இயல்பான ஆட்டம் நொடிக்கு மூன்று முறைதான். நிமிடத்துக்கு 1,450 சுற்று, அதாவது நொடிக்கு 24 சுற்று ஓடும் கம்ப்ரசரின் அதிர்வில் சுமார் 2 சதவீதமே கீழே இறங்கும். ஒரே ஒரு மில்லிமீட்டர் அமுங்கும் கட்டி ரப்பரில் முக்கால் பங்கு இறங்கிவிடும். அரை மில்லிமீட்டர் என்றால் ரப்பரின் ஆட்டமும் கம்ப்ரசரின் ஆட்டமும் நெருங்கி, தாளத்துக்குத் தள்ளிய ஊஞ்சல்போல அதிர்வு கூடவே செய்யும். முன்பும் ஆங்கிளில் ரப்பர் இருந்தது. ஆனால் அதைத் துளைத்து இறுக்கிய போல்ட் இரும்பையும் சுவரையும் நேராகவே இணைத்திருந்தது.

அப்புறமும் மெல்லிய ரீங்காரம் மிச்சமிருந்தது. மெக்கானிக் மறுபடி கையை வைத்துக்கொண்டே போனார். பழைய இடம் வழியாகப் போன செப்புக் குழாயை இரண்டு இரும்புக் கிளாம்பு சுவரோடு பிடித்திருந்தன. அவற்றைக் கழற்றி, ரப்பர் உறை போட்ட கிளாம்பு மாட்டி, யூனிட்டிலிருந்து கிளம்பும் இடத்தில் வளையும் குழாய்த் துண்டு ஒன்றையும் வைத்தார். அன்று இரவு கடிகார முள்ளின் சத்தம் கேட்டது.