நிறுத்தினால் போட்டோ ஆகிவிடுமா?

"ண்ணா, அவன் தலையால முட்டி கோல் போட்டான்ல, அந்த எடத்துல நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக் குடுண்ணா, பேனர் அடிக்கணும்" என்று வியாசர்பாடிப் பையன் ஒருவன் வந்து நின்றான். அந்த ஃபுட்பால் மேட்சை வீடியோ எடுத்தது நான்தான். நிறுத்திப் பார்த்தால் பந்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல். ஓடும்போது பளிச்சென்று தெரிந்ததே!

அது எப்போதுமே தீற்றல்தான். நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 படம் எடுக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் விழும் நேரத்தை (ஷட்டர்) வழக்கமாக 1/50 நொடியில் வைப்போம், ரொம்பக் குறைத்தால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்த நேரத்துக்குள் 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், பந்தின் அகலமே 22 சென்டிமீட்டர்தான்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் வீடியோ கோப்புக்குள் இருக்கிறது. அதில் நொடிக்கு 25 முழுப் படங்கள் கிடையவே கிடையாது. அத்தனையும் எழுதினால் மெமரி கார்டு தாங்காது என்பதால், எச்.264 போன்ற வீடியோ சுருக்கும் முறைகளில் எப்போதாவது ஒரு ஃபிரேம்தான் முழுசாகப் பதிவாகும். நடுவில் வருவதற்கெல்லாம் 'இந்தக் கட்டம் இத்தனை தள்ளிப் போயிருக்கு, மிச்ச வித்தியாசம் இவ்வளவு' என்ற கணக்கு மட்டும்தான். நாம் நிறுத்தியதும் மென்பொருள் பின்னால் போய் ஒரு முழு ஃபிரேமைப் பிடித்து, அங்கிருந்து கணக்குப் போட்டுப் படத்தைக் கட்டுகிறது. எல்லாமே ஒரே நேரத்தில் அசைந்தால் அந்தக் கணக்கை எழுத ஒதுக்கிய டேட்டா இடம் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடையும். கோல் விழுந்ததும் கூட்டமே குதிக்கிறதே, அப்புறம் எப்படி?

சரி, ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுக்காதீர்கள், முன்னோட்டத் திரை பாதி அளவில் ஓடிக்கொண்டிருக்கலாம். எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் ப்ரோவில் திரைக்குக் கீழே கேமரா படம் போட்ட பொத்தான் இருக்கும், இன்னொரு மென்பொருளான டாவின்சி ரிசால்வில் கலர் பக்கத்தில் ஸ்டில் பிடிக்கலாம். பிஎன்ஜியாகச் சேமியுங்கள், ஜேபெக் படத்தை இன்னொரு முறை சுருக்கித் தரத்தைக் குறைக்கும். பழைய கல்யாண கேசட்டில் ஒவ்வொரு ஃபிரேமும் வெவ்வேறு கணத்தில் எடுத்த இரண்டு பாதிப் படங்களை வரி மாற்றி வரி கோத்ததாக இருக்கும், அதைப் பிரித்துச் சரிசெய்யும் 'டீஇன்டர்லேஸ்' செய்யாமல் தொடாதீர்கள், கையும் காலும் சீப்புப் பல் மாதிரி வரும்.

கடைசியில் ஒவ்வொரு ஃபிரேமாகப் பின்னால் தள்ளி, அவன் எகிறி உச்சிக்குப் போன இடத்தைப் பிடித்தேன். அந்தக் கணம் மேலே போகவும் இல்லை கீழே வரவும் இல்லை, அதனால் முகம் தெளிவு. 1920 பிக்சல் அகலத்தை 8 அடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 20 பிக்சல்தான், ஆனால் பேனரைத் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்துதானே பார்க்கப்போகிறார்கள்.

"பந்து எங்கண்ணா?" என்றான். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் எங்கிருந்தோ ஒரு பந்தைப் பிடித்து ஒட்டிவிட்டார். பேனரிலேயே ஷார்ப்பாக இருப்பது அதுதான்.