மே மாதத்து ஊரை வைத்து முடிவெடுக்காதீர்கள்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில், தண்டையார்பேட்டையில் குடும்ப மருத்துவராக இருக்கும் என்னிடம் பல பெற்றோர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். ஊரில் இருந்தவரை பிள்ளைக்கு ஒரு நாள்கூட இழுப்பு வரவில்லை, நெபுலைசரில் மருந்துப் புகை வைக்கத் தேவைப்படவில்லை. சென்னைக்குத் திரும்பிய சில நாட்களிலேயே மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஆகவே வீட்டைக் காலி செய்துவிட்டு ஊரோடு போய்விடலாமா என்பதுதான் அந்தக் கேள்வி. வாடகை, நெரிசல், பள்ளிக் கட்டணம் என்று வேறு காரணங்களும் அதன் பின்னால் வரிசையாக நிற்கும். அவற்றில் ஆலோசனை சொல்வது என் வேலை அல்ல. உடல்நலம் சம்பந்தப்பட்ட வரையில், இந்த முடிவை மே மாதத்து ஊரை வைத்து எடுக்கக் கூடாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம்.

சிறு பிள்ளைகளின் இழுப்பைப் பெரும்பாலும் கிளப்பிவிடுபவை சளிக் காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ்கள். அவை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குத் தொற்றுபவை. மழையும் பனியும் சேர்ந்த மாதங்களில் உச்சத்துக்குப் போகிறவை. மே மாதத்தில் பள்ளி இல்லை, மழை இல்லை, பிள்ளை பகல் முழுக்க வெளியில் ஓடி விளையாடுகிறான், இரவில் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ படுக்கிறான். அதே மாதத்தில் தண்டையார்பேட்டையிலேயே இருந்துவிட்ட பிள்ளைகளுக்கும் இழுப்பு குறைந்துதான் இருக்கிறது. மருத்துவரிடம் வர வேண்டிய தேவை இல்லாததால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு வாரம் அதே ஊரில் தங்கிப் பார்த்தீர்களா என்று கேட்டால், தீபாவளியை ஒட்டிய இரண்டு நாட்களைத் தவிர அந்த மாதங்களில் ஊரில் இருந்த நினைவே பலருக்கும் இல்லை.

இதனால் வடசென்னைக் காற்றுக்கு நான் நற்சான்று கொடுப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மணலியில் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையும் அதைச் சுற்றி உர, ரசாயன ஆலைகளும் இருக்கின்றன; எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் நிலக்கரி அனல்மின் நிலையங்கள்; துறைமுகத்துக்குள் நுழையக் காத்து எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகள்; போதாததற்குக் கொடுங்கையூர் குப்பைமேடு. நுரையீரலின் அடிவரை செல்லும் நுண்துகள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டின் வரம்போ 40. சட்டப்படி குறையில்லாத காற்றும் குழந்தையின் நுரையீரலுக்குச் சுமையாகவே இருக்கலாம் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினார்கள். அப்படிப்பட்ட ஓர் இரவைக் கண்ட குடும்பம் இடம் மாற நினைத்தால் அதை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் கிராமத்துக் காற்றிலும் புகை உண்டு. விறகடுப்பு இன்னும் பல வீடுகளின் பின்கட்டில் எரிகிறது, குறிப்பாக வெந்நீருக்கு. தை மாதத்து அறுவடையில் பறக்கும் பதரும் தூசியும், தரிசெல்லாம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியமும் ஆஸ்துமா உள்ளவர்களைப் படுத்தி எடுக்கும். மறுபுறம், சென்னையில் இழுப்பு வரும் பிள்ளையின் வீட்டைப் பற்றி விசாரித்தால், ஒரே அறையில் ஐந்து பேர், சன்னலை அடைத்த பீரோ, ஓதம் ஏறிய சுவர், விடிய விடிய எரியும் கொசுவத்திச் சுருள் என்று ஊர் மாறாமலேயே திருத்தக்கூடிய காரணங்கள் வரிசையாக வெளிவருகின்றன. தினமும் பயன்படுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்த இன்ஹேலரும் அதோடு இணைக்க வேண்டிய ஸ்பேசரும், பஃப் பழக்கமாகிவிடும் என்ற பயத்தில், அட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கப்படாமலே அலமாரி மேல் இருக்கும். (பழக்கமாகிவிடாது. இதை ஒவ்வொரு வாரமும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.) இன்ஹேலரைச் சென்னையில் விட்டுவிட்டு, காற்று நல்ல காற்று என்ற ஒரே நம்பிக்கையில் ஊருக்குக் குடிபோகும் குடும்பத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

காற்றுக்கு அடுத்தபடியாக நான் கேட்பது தூரத்தை. கிலோமீட்டரை அல்ல, இரவு இரண்டு மணிக்கு ஆகும் நேரத்தை. பக்கவாதம் வந்தவருக்கு முதல் நான்கரை மணி நேரத்துக்குள் சி.டி. ஸ்கேன் எடுத்து, ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசி போட்டால் கைகால் பிழைக்க வாய்ப்பு அதிகம். மாரடைப்பிலும் ஒவ்வொரு மணி நேரமும் இதயத் தசையின் கணக்கு. தண்டையார்பேட்டையில் இருப்பவர் இரவில் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவிலேயே கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஊரில் 108 வரும். 2008-இல் தமிழகத்தில் தொடங்கிய அந்தச் சேவை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் அது எங்கிருந்து கிளம்பி வருகிறது, ஏற்றிக்கொண்டு போகும் மருத்துவமனையில் ஸ்கேன் இருக்கிறதா என்பதைக் குடியேறும் முன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும். வயல் ஓரத்து வீடென்றால் பாம்புக்கடி மருந்து எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது என்பதும் அதில் சேரும்.

அதே சமயம், அவசரத்தை மட்டும் நினைத்துப் பெருநகரத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. நான் குடும்பங்களுக்குச் சொல்லும் அளவுகோல், ஒவ்வொருவருக்கும் எந்த மருத்துவம் எத்தனை நாளுக்கு ஒரு முறை தேவை என்பதுதான். ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கும் கண் பரிசோதனைக்காகவோ, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கும் இதய நிபுணருக்காகவோ யாரும் சென்னையில் வாடகை கொடுக்க வேண்டாம். பஸ் ஏறி வந்து போகலாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் சென்னை தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அவற்றை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் தேவைப்படுபவர் கதை வேறு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்றாலும், ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய், நான்கு மணி நேரம் படுத்திருந்து, தலைசுற்றலோடு திரும்பி வரும் களைப்பை அது ஏற்காது. பேச்சு வராத மூன்று வயதுக் குழந்தைக்கும் இதே கணக்குதான். பாட்டி தாத்தா, சித்தப்பா பிள்ளைகள் என்று பேச ஆள் இருக்கும் வீடு அந்தக் குழந்தைக்குப் பெரும் வரம் என்பதில் ஐயமில்லை; ஆனாலும் ஸ்பீச் தெரபியை வாரந்தோறும் விடாமல் கொண்டுசெல்ல வழியில்லாத இடத்தில் அந்த வரம் மட்டும் போதாது.

எல்லா ஏற்பாடுகளிலும் மோசமாக முடிவதை நான் அதிகம் பார்த்தது, மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டுக் கணவர் மட்டும் இங்கே மேன்ஷனிலோ கூட்டாளிகளோடு ஓர் அறையிலோ தங்கும் ஏற்பாடுதான். வாடகை மிச்சம் என்று ஆரம்பிக்கும். இரவுச் சாப்பாடு பரோட்டாவும் சால்னாவும் ஆகிவிடும். மாத்திரையை நினைவூட்ட ஆளிருக்காது. சனிக்கிழமை இரவு நின்றுகொண்டே பஸ்ஸில் போய்த் திங்கள் விடியலில் திரும்பி நேராக வேலைக்கு ஓடுவார். ஓரிரு ஆண்டில் அவருடைய சர்க்கரை கட்டுக்கடங்காமல் போயிருக்கும், சிலருக்குக் குடியும் சேர்ந்திருக்கும். ஊரில் இருக்கும் மனைவியோ மாமியார் வீட்டில், இங்கே தையல் கம்பெனியில் தானே சம்பாதித்து வைத்திருந்த கைக்காசு இல்லாமல், தலைவலி என்றும் தூக்கமில்லை என்றும் அங்குள்ள மருத்துவரிடம் காட்டிக்கொண்டிருப்பார். ஊருக்குப் போவதா என்ற பேச்சில் பெண்ணின் சம்பளமும் இங்கே அவருக்குப் பழகிப்போன வாழ்க்கையும் கணக்கில் வராமல் போவது எனக்குப் பெரிய குறையாகவே தெரிகிறது.

எதிர்த் திசையில் நடப்பதும் உண்டு. தனியாக இருக்கும் அப்பாவைக் கிராமத்திலிருந்து அழைத்து வந்து, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். காலையில் டீக்கடை, பிறகு வயல், சாயங்காலம் கோயில் திண்ணை என்று நாளெல்லாம் நடந்துகொண்டிருந்தவர், டி.வி. முன்னால் உட்கார்ந்தே கால் வீங்கி என்னிடம் வருகிறார். "என்னய்யா செய்யுது?" என்று கேட்டால், "ஒண்ணும் செய்யல தம்பி, அதான் கஷ்டம்" என்கிறார். இவருக்கு மாத்திரையைக் கூட்டுவதை விடத் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்ப்பது நல்ல வைத்தியம்.

பேரிடர் பயத்தில் இடம் மாறுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் வடசென்னை மூழ்கியது. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. இரண்டே வாரத்தில், டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடியும் நெல்லையும் வெள்ளத்தில் தத்தளித்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

சொந்த ஊர், சென்னை என்று இரண்டே வழிகள் இருப்பதாகப் பலர் பேசுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் 48 சதவீதத்துக்கும் மேலானவர்கள் நகர்ப்புறவாசிகள். அவர்களில் பெருந்தொகையினர் இருப்பது பெருநகரங்களில் அல்ல, நடுத்தர ஊர்களில். பூர்வீகக் கிராமத்துக்குப் பக்கத்தில் உள்ள தாலுகா டவுனில் வாடகைக்குப் போவது, பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் முதலில் யோசிக்கச் சொல்லும் வழி. செய்யாறு ஓர் உதாரணம்: அரசு மருத்துவமனை இருக்கிறது, சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளில் பெண்களுக்கு வேலை இருக்கிறது, சுற்றுக் கிராமத்தில் இருக்கும் பெற்றோரைப் போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பலாம். எல்லாத் தாலுகாவும் செய்யாறு ஆகாது. எனவே மே மாதம் அல்லாத ஒரு மாதத்தில், ஒரு வேலைநாளில் போய், அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் வரிசையில் ஒரு முறை நின்று பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.

போவதென்று முடிவாகிவிட்டால், கிளம்பும் முன் மருத்துவரிடம் நோயின் பெயர், சாப்பிடும் மருந்துகள், அளவுகள், ஒவ்வாமை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாத மருந்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையை மூட்டையில் கட்டாமல் கைப்பையில் வையுங்கள். ஒன்றரை வயதுக்கு மேல் போடும் பூஸ்டரும், 5 வயதில் போடும் ஊசியும் விட்டுப்போவது அதிகமும் இடம் மாறும் குடும்பங்களில்தான். சென்னைக்குப் புதிதாக வருகிறவர்களும் அட்டையை ஊர்ப் பெட்டியில் விட்டுவிட்டு வருகிறார்கள். அட்டை தொலைந்திருந்தால், முன்பு ஊசி போட்ட பகுதியின் சுகாதாரச் செவிலியரிடம் பிறந்த தேதியைச் சொல்லிப் பதிவேட்டில் பார்க்கச் சொல்லலாம். அங்கும் பதிவு கிடைக்காத பட்சத்தில், வயதுக்கு உரிய ஊசிகளை மருத்துவர் ஆலோசனைப்படி மறுபடி போட்டுக்கொள்வதால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.